அறுத்த கொல்லைக்குக் காவல்

காதுகுத்து வீட்டில் எண்பது வயதுக் கிழவியை ஊர் முன்னால் பேசவைத்து அழவிட்டேன் என்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதுக்கு வந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவிலும் எழுதியிருக்கிறீர்கள். ஒருத்தி, "பழசையெல்லாம் மனசுல வெச்சிக்கினு இருந்தா நோய்தான் வரும்" என்று போட்டு, கீழே கும்பிடும் கை பொம்மை இரண்டு வைத்திருக்கிறாள். நோய் எனக்கு அதற்கு வெகு நாள் முன்னாலேயே வந்துவிட்டது, தாயே. நீங்கள் எல்லாரும் வந்து வேடிக்கை பார்த்ததுதான்.

என் வயசுக்காரிகள் நீங்கள். ஒரே ஓடையில் குளித்தோம், ஒரே மரத்தில் நெல்லிக்காய் உலுக்கினோம். ஆனால் அந்த ஒரு வருஷத்தை மட்டும் எல்லாரும் சேர்ந்து சௌகரியமாக மறந்துவிட்டீர்கள். எனக்கு மறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கும்பிடுங்கள்.

அந்த வருஷம் ஆடியில் நல்ல மழை. சாமை போட்ட கொல்லையெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக எழும்பிவிட்டது. களை பிடுங்கும்போதுதான் என் முழங்கையில் ஒரு சிவப்புத் திட்டைப் பார்த்தேன். மேலே காய்ந்த கஞ்சிப் படலம் மாதிரி வெள்ளையாக இருந்தது. சுரண்டினால் பொடியாக உதிரும். உதிர்ந்த பிறகு அடியில் ஊசி முனை அளவுக்குப் புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசியும். கதிர் பிடிப்பதற்குள் முட்டி, முதுகு, தலைமுடிக்குள் என்று எல்லா இடத்திலும் வந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்தவள் அத்தை. என் நைனாவுடைய கூடப்பிறந்த அக்கா, நீங்கள் இப்போது பரிதாபப்படும் அதே கிழவி. எங்களுக்கு எதிர் வீடு. அவளைக் கேட்காமல் நைனா ஏர் பூட்டியதில்லை. அவள் மகனுக்குத்தான் நான் என்று நான் பிறந்த அன்றே வெற்றிலை மாற்றி வாக்குக் கொடுத்திருந்தாள். நம் ஊரில் அந்த வாக்கு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மீறினால் ஊர்க்கவுண்டர் முன்னால் குடும்பத்தோடு நின்று தலைகுனிய வேண்டும். பெண்ணுக்குப் பெருநோய் என்றால் மட்டும் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். பெருநோய் என்று அப்போது குஷ்டத்தைச் சொல்வார்கள்.

ஒரு காலையில் அம்மா பாயை உதறியபோது வெள்ளையாகக் கொட்டியது. அத்தை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டாள். நேராக வந்து என் பாவாடையை முட்டி வரைக்கும் தூக்கினாள்.

"இன்னாடி இது?"

"தெரியலத்தே. நமைக்குது."

சட்டென்று கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "தம்பி, இது பெருநோய்டா. வூட்டுக்குள்ள வெச்சிக்கினு இருந்தா ஒவ்வொருத்தனுக்கா வெரல் போவும்" என்றாள் நைனாவிடம். நைனா என்னைப் பார்க்கவில்லை. என் முட்டியைப் பார்த்தார். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே வீட்டில் எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம், பெருநோய் பார்ப்பதற்கென்றே மலைக்குக் கீழிருந்து வரும் ஊழியர் நம் ஊருக்கு வந்தார். என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கோழி இறகால் திட்டின் மேல் தடவி, எங்கே தொடுகிறேன் சொல் என்றார். குண்டூசியால் மெல்லக் குத்தினார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். அவர் எழுந்து, "உணர்ச்சி நல்லா இருக்குதுங்க. இது பெருநோய் இல்ல. வேற தோல் வியாதி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிம்போய் காட்டுங்க" என்றார். அத்தை பக்கத்தில்தான் நின்றாள். ஒரு சொல் விடாமல் கேட்டாள். அவர் ஓடையைத் தாண்டும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, "சம்பளத்துக்கு வர்றவனுக்கு இன்னா தெரியும்" என்றாள். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் செய்துவிட்டாள் என்று அவளுக்காக இனிமேல் யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம்.

அதற்குப் பிறகு வைத்தியம் நடந்தது. மஞ்சள் கொம்பை எண்ணெயில் தோய்த்து நெருப்பில் காட்டி, நுனி கனிந்ததும் திட்டைச் சுற்றிச் சுற்றி வைத்தாள். நோய்க்கு எல்லை கட்டுகிறாளாம். அம்மா என் கால்களைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு அழுதாள், ஆனால் விடவில்லை. மஞ்சள் கருகும் வாசனையும் தோல் கருகும் வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்றும் கல்யாண வீட்டில் மஞ்சள் இடித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். நீங்கள் எல்லாரும் வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றிருந்தீர்கள். ஒருத்தி வாயில் கரும்பு இருந்தது.

சுட்ட புண் ஆறிய இடத்திலெல்லாம் புதுத் திட்டு முளைத்தது. எல்லை கட்டிய புள்ளிகள் அத்தனையும் நோயாகவே மாறிவிட்டன. "பார்த்தியாடா தம்பி, கட்டுன வேலியையே திங்குது" என்றாள் அத்தை. என் பாயையும் என் பச்சைப் பாவாடையையும் அன்றைக்கே வாசலில் போட்டுக் கொளுத்தினாள். மஞ்சள் கரை போட்ட பாவாடை அது. ஜமுனாமரத்தூர் சந்தையில் அம்மா எனக்கென்று எடுத்துக் கொடுத்தது. அதற்கப்புறம் எத்தனையோ சேலை கட்டிவிட்டேன். அந்தப் பச்சை எங்கும் கிடைக்கவில்லை.

சாமை பால் பிடிக்கும் நேரம். கிளிக்கும் பன்றிக்கும் காவல் இருக்க ஒவ்வொரு கொல்லையிலும் பரண் போடுவோம் இல்லையா, எங்கள் பரணுக்கு என்னை அனுப்பினார்கள். மற்றப் பிள்ளைகள் பகலில் காவல் இருந்துவிட்டுப் பொழுது சாயும்போது வீட்டுக்கு வருவார்கள். எனக்கு மட்டும் மேலே கோணிச் சாக்கு, தகரம் ஒன்று, ஒரு கம்பு, ஒரு அலுமினியத் தட்டு கொடுத்தார்கள். இருட்டினால் நைனா தூரத்துப் பாறையில் வந்து நெருப்பு மூட்டிப் படுத்துக்கொள்வார். அம்மா களியைக் கொண்டுவந்து ஏணிக்கு அடியில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்பாள், நான் இறங்கி எடுப்பேன். ஒரு சின்னச் சீசாவில் ஆமணக்கெண்ணெயும் வைப்பாள். அதை அத்தைக்குத் தெரியாமல்தான் வைத்தாள். அம்மாவுடைய தைரியம் அந்தச் சீசா அளவுதான்.

பகல் முழுக்க வெயிலில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டுவேன். கிளிகள் எழும்பிப் போய் அடுத்த கொல்லையில் இறங்கும். காவலூர் பக்கம் தொலைநோக்கி வைத்து வானம் பார்க்கிறவர்களின் வெள்ளைக் கூண்டு தெரியும். மேகம் போட்டால் அவர்களுக்கும் வேலை இல்லை, எனக்கும் கிளி வராது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். சிரிக்கவும் செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஓடைக்கு அந்தக் கரையில் விளையாடுவீர்கள். என்னைப் பார்த்தால் கையை முறுக்கி விரல் இல்லாத மாதிரி காட்டுவீர்கள். உங்களில் ஒருத்தி எனக்குக் கொய்யா கொண்டுவருவாள். நல்லவள் என்று பெயர் அவளுக்கு. அவளும் கையில் தரவில்லை, எறிந்தாள். இரண்டு என் மேலேயே பட்டது. அவள்தான் இப்போது குழுவில் கும்பிடுகிறாள்.

அறுப்பு வந்தது. கொல்லையில் ஊரே இறங்கி அறுத்தது. நான் பரணில் இருந்து பார்த்தேன். கட்டுக் கட்டாகக் களத்துக்குப் போய்விட்டது. புதுச் சாமை பொங்கி மாரியம்மனுக்குப் படைத்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். நெய் வாசனை கொல்லை வரைக்கும் வந்தது. எனக்கும் ஒரு பங்கு வந்தது, ஏணிக்கு அடியில். மறுநாள் என்னை இறக்கிக் கூட்டிப்போவார்கள் என்று சாக்கை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. அதற்கும் மறுநாள் நைனா வந்தார்.

"இன்னும் கொஞ்ச நாளு இரும்மா."

"எதக் காக்கறது நைனா?"

அவர் கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். அறுத்து மிஞ்சிய அரிதாள்தான் இருந்தது. சாமை வைக்கோலைக்கூட மாட்டுக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் தகரத்தை எடுத்துத் தட்டினேன். ஒரு கிளியும் இல்லை. சும்மா தட்டினேன், கை வலிக்கும் வரைக்கும் தட்டினேன். அந்தச் சத்தம் ஊருக்குள் நன்றாகக் கேட்டிருக்கும். உங்களுக்குக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வெட்டவெளி வெயிலில் எண்ணெயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனா, திட்டெல்லாம் மெல்ல மெல்லத் தட்டையாகிவிட்டது. செதில் நின்றுவிட்டது. சிவப்பு போய் வெளுத்த தடம் மட்டும் மிஞ்சியது. அம்மா பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதாள். நைனா என்னை இறக்கி வீட்டுக்குக் கூட்டிவந்தார். அத்தை வாசலிலேயே நின்று, "நான் வெச்ச சூடு சும்மாவா போவும்?" என்றாள். ஊரே அவளை மெச்சியது. என்னை அவள் காலில் விழச் சொன்னார்கள். விழுந்தேன். அந்தக் கால்களில் விழுந்த என் நெற்றியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்கழிப் பனி இறங்கியது. எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டுக்குள் அடுப்புப் புகையில் ஒண்டிக்கிடக்கிற மாசம். பொங்கலுக்குள் எல்லாத் திட்டும் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக வந்தது. அத்தை ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "நான் பண்ணாத வைத்தியமா? போன நோயி திரும்பி வந்தா அது பெருநோயேதான். நான் வாக்க மீறல, சாமி மேல சத்தியம்" என்றாள். ஒருத்தரும் எதிர்த்துக் கேட்கவில்லை. தை கழிவதற்குள் அவள் மகனுக்கு வேறு பெண் வந்துவிட்டது. ஊருக்கு மேற்கே தண்ணீர் வசதியுள்ள கொல்லைக்காரர் வீட்டுப் பெண். அறுப்புக்கு முன்பே அந்த வீட்டுக்கு அத்தை இரண்டு தடவை போய்வந்தாள் என்பதை அம்மா சாகும்போதுதான் எனக்குச் சொன்னாள். அத்தை மகன் எனக்கு இல்லாமல் போனதில் துளி வருத்தம் கிடையாது. அவர் இன்றைக்கும் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாத மனுஷன். ஆனால் கொடுத்த வாக்கைத் தட்டிக்கழிக்க என் மேல் பெருநோய்ப் பட்டம் கட்டினாள் பாருங்கள், அதுதான் ஆறவில்லை.

என்னைத் திருப்பத்தூருக்கு, அம்மாவின் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மலையை விட்டு அப்படித்தான் இறங்கினேன்.

அதற்கப்புறம் என் தோலோடு நான் பட்ட பாட்டை எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். கந்தகச் சோப்பு, பஸ் ஸ்டாண்டில் விற்ற பச்சை எண்ணெய், உப்பில்லாப் பத்தியம், மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்பு என்று எதையும் விடவில்லை. அந்தக் களிம்பு போட்டால் ஒரு மாசத்தில் மறையும், விட்டால் இரட்டிப்பாக வரும். கோடையிலும் முழுக்கைச் சட்டை போட்டேன். கல்யாணத்துக்கு முன்பே என் வீட்டுக்காரரிடம் முழங்கையைக் காட்டினேன். "ஒட்டுமா?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். "ஒட்டுனா ஒட்டட்டும், ஒண்ணா சொறிஞ்சிக்கலாம்" என்றார். அவருக்கு ஒட்டவில்லை. பிள்ளைகளுக்கும் வரவில்லை.

தலை நரைத்த பிறகுதான் சரியான தோல் டாக்டர் ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தேன். திட்டில் இருந்து ஒரு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, நோய்க்குப் பெயர் சொன்னார், சோரியாசிஸ். "இது யாருக்கும் ஒட்டாதும்மா. அடியோட போகவும் போகாது. ஆனா நாம அடக்கி வைக்கலாம்" என்றார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, அப்புறம் ஒளி வைத்தியம். ஆள் உயரப் பெட்டிக்குள் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும், சுற்றிலும் நீல விளக்கு எரியும். மாசம் போகப் போக முழங்கையில் வெறும் தோல் தெரிந்தது. நான் பாட்டுக்கு அதைத் தடவிக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் டாக்டரிடம் பரண் கதையைச் சொன்னேன். "வெயில்லயும் இந்த வெளிச்சம் இருக்கும்மா. அதான் அப்ப கொறஞ்சிருக்கு. தோல்ல காயம் பட்டா அந்த இடத்துலயே புதுசா வரும், சூடு வெச்சதுல அதான் ஆச்சு" என்றார். உங்களுக்கெல்லாம் இதைக் கேட்டிருந்தால் நிம்மதி வந்திருக்கும். எனக்கு ஆத்திரம் வந்தது. வெயில் ஆற்றியதற்கு நான் அவள் காலில் விழுந்திருக்கிறேன். அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த நோய்க்காகத்தான் என்னை வெளியே வைத்தாள் என்பது பொய் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும், என்னை வேடிக்கை பார்த்த ஊர் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

காத்திருந்தேன். போன வருஷம் அத்தை மகன் போன் பண்ணினார். "ஆத்தாவுக்கு ஒடம்பெல்லாம் உன்னுது மாதிரியே வந்துட்டு இருக்குது. நீ எந்த டாக்டர்கிட்ட பார்க்கிற?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். போய்ப் பார்த்தேன். மாட்டுக் கொட்டாயில் கோணிச் சாக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். தனித் தட்டு. மருமகள் சோற்றைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டாள். "இவங்க சொன்ன முறைதாங்க இது, நானா பண்ணல" என்றாள் என்னிடம். சரியாகத்தான் கற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

என் டாக்டரிடம் கூட்டிப்போக, திருப்பத்தூர் பஸ்ஸில் அத்தைக்கு ஜன்னல் பக்கம் இடம் போட்டேன். முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்து, இவள் கையைப் பார்த்து, எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாள். அத்தை முந்தானையை இழுத்துக் கையை மூடினாள். நான் மூடவிடவில்லை. "காத்து படட்டும் அத்தே" என்று முந்தானையை எடுத்துவிட்டேன்.

டாக்டர், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்.

"எங்க வம்சத்துலயே யாருக்கும் கெடையாதுங்க" என்றாள் அத்தை, நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே.

"இவங்க என் அத்தைங்க. எங்கப்பாவோட அக்கா" என்றேன். டாக்டர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார், இது ரத்த சம்பந்தத்தில் வரலாம், தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது என்று.

"அப்ப நான் வூட்டுக்குள்ள படுக்கலாங்களா?" என்று கேட்டாள் அத்தை.

மருந்து வேலை செய்தது. ஆறு மாசத்தில் கைகால் தெளிந்துவிட்டது. ஆனால் மருமகள் கொட்டாயை விட்டு உள்ளே சேர்க்கவில்லை. போன நோய் திரும்பி வரும், அப்போது யார் பார்ப்பது என்றாளாம். அத்தை என்னைக் கூப்பிட்டு, "நீ வந்து ஒரு வார்த்த சொல்லுடி. நீ சொன்னா நம்புவாங்க" என்றாள். "நான் சொல்ல மாட்டேன் அத்தே. நீங்க சொல்லுங்க. காதுகுத்துக்கு ஊரே வரும். ஏன் நம்பணும்னு அன்னைக்கு எனக்கு நடந்தத வெச்சு சொல்லுங்க. முழுசா சொன்னா, நானே உங்க கையப் புடிச்சு உள்ள கூட்டிம்போறேன்" என்றேன். இதைத்தான் நீங்கள் மிரட்டல் என்கிறீர்கள். ஆமாம், மிரட்டல்தான்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். கொள்ளுப் பேத்திக்குக் காது குத்தி, குழந்தை அழுது ஓய்ந்து, பந்தி போடப் போகும் நேரம். அத்தை கொட்டாய்த் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எனக்கு வந்திருக்கறது ஒட்டாதாம். டாக்டரு சொன்னாரு" என்றாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை.

"இவளுக்கு வந்ததும் இதான்" என்றாள். "கட்டுனவனுக்கும் வரல, புள்ளைங்களுக்கும் வரல. பெருநோய் இல்லன்னு ஊசி குத்திப் பார்த்தவன் அன்னிக்கே சொன்னான். நான் கேட்டேன். கேட்டும்தான் பரண்ல ஏத்தினேன். தண்ணிக் கொல்லைக்காரன் பொண்ண எடுக்கணும்னு எனக்கு ஆச. வாக்க மீறுனா ஊரு முன்னால நிக்கணுமேன்னு இவ மேல போட்டுட்டேன்."

மருமகள் கையில் இருந்த இலைக்கட்டு அப்படியே நின்றது. அந்தத் தண்ணிக் கொல்லைக்காரர் பெண் அவள்தானே. அத்தை அழுதாள். நீங்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தீர்கள். நம் வழக்கம் எனக்குத் தெரியாதா? பெரியவங்க அப்படிச் சொல்லிவிட்டால், "வுடுங்க அத்தே, பழச எதுக்கு" என்று சின்னவள் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகச் சாப்பிட உட்கார வேண்டும். நான் சொல்லவில்லை. உங்களுக்கு என் மேல் கோபம் அதற்குத்தான், கிழவி அழுததற்கு இல்லை.

சொன்ன வாக்கை நான் காப்பாற்றினேன். கையைப் பிடித்தேன், படியேற்றினேன், நடுக்கூடத்தில் பாய் போட்டு உட்காரவைத்தேன். என் கையாலேயே இலை போட்டுச் சோறு வைத்தேன். நீங்கள் பார்க்காதது அதற்கப்புறம் நடந்ததுதான். எல்லாரும் வெளியே பந்தியில் இருந்தீர்கள். அத்தை சோற்றைத் தொடாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பரண்ல உனக்குப் பயமா இருந்துச்சாடி?"

இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் யாருமே கேட்டதில்லை. நைனா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அவள் கையை என் கையிலிருந்து எடுத்து இலை மேல் வைத்தேன்.

"இருந்துச்சு அத்தே" என்றேன். "கொட்டாயில உங்களுக்கு எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு அப்ப ஒம்போது வயசு."